பதினொன்றை அடித்து இரண்டு

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதல் நாள் எல்லோருக்கும் புதுச் சிவப்புப் பேனா ஒன்று கொடுப்பார்கள். மறுநாளே அதில் பாதி எழுதாது. டீச்சருக்கு இது பத்தொன்பதாவது முகாம். அதனால் வரும்போதே கைப்பையில் சொந்தப் பேனா இரண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தைத்தான் முகாமாக்கியிருந்தார்கள். மேலே ஓடிய மின்விசிறிகளுக்கு இரண்டே வேகம் தெரியும். ஒன்றில் தாள் பறக்கும், மற்றதில் ஆள் அவியும். தாள் பறக்கக் கூடாதே என்று ஆட்கள் அவிந்துகொண்டிருந்தார்கள். இலக்கியத் தாளுக்கு இரண்டு மேசை ஒதுக்கியிருந்தார்கள். டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில், அவளுடைய பள்ளியிலிருந்தே வந்த தந்தி சார். அவர் திருத்துகிற வேகத்துக்காக மற்றவர்கள் வைத்த பெயர் அது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பது தாளை முடித்துக் கட்டிவிட்டு, இன்னும் குனிந்திருப்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

"நீங்க தாளைப் படிக்கிறீங்க டீச்சர். அதான் லேட்டாகுது" என்றார் அன்றும்.

"படிக்காம எப்படி சார் மார்க் போடறது?"

"கீ இருக்குல்ல? அதைப் படிங்க. ஒரு தடவை படிச்சாப் போதும்."

கீ என்பது விடைக்குறிப்பு. எந்தக் கேள்விக்கு என்னென்ன எழுதியிருந்தால் எவ்வளவு மதிப்பெண் என்று அச்சடித்த நான்கு பக்கம். அதை எழுதியவர் இரண்டு மேசைக்கும் தலைவரான முதன்மைத் தேர்வாளர். எல்லோருக்கும் அவர் பெரிய சார். டீச்சருக்கு மட்டும் அதற்கும் மேலே.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் அவளுடைய அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். புது வேலை, எடுக்க விடுப்பில்லை. அப்போது அந்தப் பள்ளியில் பெரிய சார்தான் மூத்த ஆசிரியர். "நீ மத்தியானம் கிளம்பிடும்மா, உன் வகுப்பை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஏழு வாரம் தன் வகுப்போடு அவளுடைய வகுப்பையும் சேர்த்து நடத்தினார். ஒருநாள் அதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்துவிட்டார். "நான்தான் வெளியே அனுப்பியிருக்கேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதனால் அவருக்குப் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது என்று டீச்சருக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அவர் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

அதிலிருந்து பெரிய சார் சொன்னால் டீச்சருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவர்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்: "நான் ஒண்ணு சொன்னா யோசிக்கலாம்ங்கற. அவர் சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடற."

முகாமின் நான்காம் நாள், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தத் தாள் அவள் கைக்கு வந்தது.

பதினெட்டாம் கேள்வி, பதினைந்து மதிப்பெண். பாடத்தில் ஒரு பழைய காப்பியத்தின் பகுதி வைத்திருந்தார்கள். எதிரிப் படை நெருங்குகிறது. கோட்டைக் கதவை அடைக்கச் சொல்கிறான் அரசன். வெளியே வயல்களிலிருந்து ஊர் சனம் கோட்டையைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் தளபதியின் சொந்தத் தம்பியும் இருக்கிறான். தளபதி கண்ணிமைக்காமல் தன் கையாலேயே கதவை இழுத்துத் தாழிடுகிறான். கை நடுங்கவில்லை என்று புலவர் புகழ்கிறார். 'தளபதியின் தலைமைப் பற்றை விளக்குக' என்பது கேள்வி. கீயில் இருந்த விடை: உறுதி, கட்டளைக்குப் பணிதல், உறவினும் அரசே பெரிது என்ற எண்ணம், தன்னலமின்மை, நாட்டுப்பற்று. குறிப்புக்கு மூன்று வீதம் ஐந்து குறிப்பு. அன்று அதுவரை திருத்திய முப்பத்தைந்து தாளில் முப்பத்தைந்து பேரும் இதையே, சிலர் கமாகூட மாறாமல் எழுதியிருந்தார்கள்.

இந்தத் தாளில் கையெழுத்து கொஞ்சம் முதிர்ந்திருந்தது. பள்ளிப் பிள்ளையின் எழுத்தல்ல. வெகுநாள் கழித்துப் பேனா பிடித்தவர் எழுத்து. தளபதி கட்டளைக்குப் பணிந்தான் என்று முதல் பத்தியில் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, இரண்டாம் பத்தியில் வழி மாறியது.

'கதவை அடைத்த பிறகு ஒரு பாட்டு இருக்கிறது. வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டும் சத்தத்தைப் பற்றிய பாட்டு. முதலில் பல கை தட்டுகிறது, பிறகு சில கை, கடைசியில் ஒரே ஒரு கை. அந்தப் பாட்டில் அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. தளபதியைப் புகழ மட்டும்தான் புலவர் வந்தார் என்றால் இந்தப் பாட்டு எதற்கு? விட்டுவிட்டுப் போயிருக்கலாமே. தளபதிக்குக் கை நடுங்கவில்லை என்று சொன்னவர், அவன் காது கேட்டதா என்று சொல்லவில்லை. கேட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சொன்னதைச் செய்தவனுக்கும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.'

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பகுதியை அவள் பதினான்கு வருடமாக நடத்துகிறாள். கதவைத் தட்டும் பாட்டு புத்தகத்தில் இருக்கிறது, மனப்பாடப் பகுதி இல்லை என்ற குறியோடு. தேர்வில் வராது என்பதால் ஒவ்வொரு வருடமும் அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். புலவர் அதை ஏன் எழுதினார் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுபடி ஒருமுறை படித்தாள். கீயை எடுத்துப் பார்த்தால் இதில் ஒரு வரிக்கும் இடமில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஓரத்தில் பதினொன்று என்று எழுதி வட்டமிட்டாள்.

டீ குடித்த பிறகு பெரிய சார் வழக்கம்போல மேசை மேசையாக வந்தார். ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் ஐந்தாறு தாளை உருவிப் பச்சை மையால் சரிபார்ப்பது அவர் வேலை. டீச்சரின் தாள்கட்டுக்கு மேலாக இருந்த தாளே அதுதான். நின்றுகொண்டே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுக்கா பதினொண்ணு?"

"நல்லா எழுதியிருக்காங்க சார்."

"நல்லாத்தான் எழுதியிருக்கு. நான் இல்லைன்னு சொல்லலையே. கேட்ட கேள்விக்குப் பதில் எங்க இருக்கு? பணிந்தான்னு ஒரு வரி இருக்கு, அதுக்கு ரெண்டு போடலாம்."

"சார், இந்தப் பாட்டை இப்படி யாருமே…"

"டீச்சர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் பக்கத்து முகாம்ல ஆளாளுக்கு மனசுப்படி போட்டு என்ன ஆச்சு? நாலு பேரைச் சஸ்பெண்ட் பண்ணாங்க. ஒரு தாளுக்கு நீ கீயை விட்டு விலகினா, நாளைக்கு எல்லாரும் விலகுவாங்க. நீயும் நானும் நினைக்கிறதுக்கு இங்க இடமில்லம்மா. எனக்கு இன்னும் ஆறு மாசம்தான் சர்வீஸ். பேர் கெடாம வெளியே போகணும்."

டீச்சர் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள், பச்சை மையில் அவரே மாற்றட்டும் என்று. அவர் தொடவில்லை.

"நான் மாத்தினா அஞ்சு மார்க்குக்கு மேல வித்தியாசம்னு அறிக்கை எழுதணும். உன் பேருக்குத்தான் கெட்டது. நீயே அடிச்சு நீயே சுருக்கொப்பம் போட்டுடு."

தந்தி சார் பக்கத்தில் தலை நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தார். டீச்சர் பதினொன்றைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் இரண்டு என்று எழுதினாள். சுருக்கொப்பம் போட்டாள். பெரிய சார் அவள் தோள் பக்கம் லேசாகத் தட்டுவதுபோல் காற்றில் கையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மொத்தம் கூட்டியபோது முப்பத்து நான்கு வந்தது. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த எண்ணை அவள் மனப்பாடம் செய்யவில்லை. ஆனாலும் அது மண்டையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே களைந்தாள்.

"யாரோட போன் நம்பர்?" என்று கேட்டார் கணவர்.

"யாரோடதும் இல்லைங்க."

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. எண் போட்டுத் தேடிப் பார்த்தாள். தேர்ச்சி இல்லை. அது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இன்னொரு முறை எண் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கே அதோடு முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முடியவில்லை. மறுமாதம் தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வு எழுதியவர் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்திருக்கிறார். பதினொன்று அடிக்கப்பட்டு இரண்டாகியிருப்பதற்கு விளக்கம் கேட்டு முறையிட்டிருக்கிறார். திருத்தியவர் நேரில் வர வேண்டும்.

கடிதம் வந்த சாயங்காலமே பெரிய சார் போன் செய்தார்.

"பயப்படாதம்மா. இதெல்லாம் சம்பிரதாயம். அவசரத்துல கீயைப் பாக்காம பதினொண்ணு போட்டுட்டேன், அப்புறம் நானே பாத்துத் திருத்திட்டேன்னு சொல்லிடு. அதுல பொய் என்ன இருக்கு, சொல்லு? அடிச்சது உன் கைதானே."

"ஆமா சார்."

"பாடநூல் குழுவுக்குத் தலைவரா என்னைப் போடறாங்க. இந்த நேரத்துல இது வேண்டாம்னு பாக்கறேன்."

"சரிங்க சார்."

போனை வைத்த பிறகுதான் தான் நின்றுகொண்டு பேசியிருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அவரோடு போனில் பேசும்போதுகூட உட்கார்ந்ததில்லை.

விசாரணை வாரிய அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் நடந்தது. இரும்பு அலமாரி இரண்டு, சுவரோடு அடுக்கிய பழைய கோப்புகள், நடுவில் ஒரு மேசை. அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் முதல் நாற்காலியில் பெரிய சார். கடைசி நாற்காலியில் ஒரு பெண். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். ஆஸ்பத்திரிச் சீருடையின் மேல் ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள் போல. அவள்தான் தேர்வு எழுதியவள். நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நனைந்துவிடும் பொருள்போல மடியில் வைத்திருந்தாள்.

அதிகாரி கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டாள். குரலில் சண்டை இல்லை.

"பதினொண்ணு போட்டது நீங்களாங்க டீச்சர்?"

"ஆமாம்மா."

"அடிச்சதும் நீங்கதானா?"

"ஆமா."

"அதாங்க எனக்குப் புரியல. முதல்ல நல்லாருக்குன்னு தோணினது அப்புறம் ஏன் நல்லா இல்லாமப் போச்சு? எங்க தப்பு விட்டேன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை திருத்திக்குவேன்."

டீச்சர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பெரிய சார் அவளைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால்கூட ஒருவேளை அவளுக்குக் கோபம் வந்திருக்கும். பார்க்காமல், அவள் சொல்லுவாள் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"அவசரத்துல விடைக்குறிப்பைப் பாக்காமப் போட்டுட்டேன்" என்றாள் டீச்சர். "அப்புறம் பாத்துத் திருத்தினேன். நீங்க கேள்விக்கு வெளியே போயிட்டீங்கம்மா."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் உறையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க டீச்சர்" என்றாள். "நான்தான் அந்தப் பாட்டைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன் போல. படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க வந்ததுக்கு நன்றிங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அழுதிருந்தால், நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். இந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. பதினான்கு வருடமாக டீச்சர் ஒரு வகுப்பில்கூட நடத்தாத பாட்டை ஒருத்தி தானாக வாசித்துத் தானாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அது தப்பு என்று அவள் வாயாலேயே சொல்லவைத்து அனுப்பியாயிற்று. மதிப்பெண்ணை வெட்டியது ஒரு பக்கம், இது வேறு.

வெளியே படியிறங்கும்போது பெரிய சார், "நல்லபடியா முடிஞ்சது. டீ குடிக்கலாமா?" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு டீச்சர் எதிர்த் திசையில் நடந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய பஸ்ஸே போகாது.

அடுத்த மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கணவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார், "என்னதான் ஆச்சு?" எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடையில் வருகிறவர்களிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்: "எத்தனை நாளா இருக்கு இது?"

"முகாம் நாள்லேர்ந்து."

"அப்ப தானா சரியாகாது" என்றார்.

முறையீட்டுத் தாளில் அந்தப் பெண் வேலை செய்கிற இடம் எழுதியிருந்ததை டீச்சர் அன்றைக்கே பார்த்திருந்தாள். நான்காம் நாள் பள்ளி விட்டதும் நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் மாடி, ஆண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். அந்தப் பெண் வார்டு வாசலில் நின்று, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"யாராவது உறவுக்காரங்க உள்ள இருக்காங்களா டீச்சர்?"

"இல்லம்மா. உங்களைத்தான் பாக்க வந்தேன்."

கதவைச் சாத்திவிட்டு இருவரும் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார்கள். டீச்சர் ஒரே மூச்சில் சொன்னாள். பதினொன்றுதான் சரி என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. மேலே இருப்பவர் அடிக்கச் சொன்னார், அடித்தேன். விசாரணையிலும் அவர் சொன்னதைத்தான் சொன்னேன். நீங்கள் அந்தப் பாட்டைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மாறியது. சந்தோஷம் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தாள் என்பது, அது வராதபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொன்னீங்க. இப்ப படிக்கட்டுல வச்சு சரின்னு சொல்றீங்க" என்றாள். "இதை வச்சு நான் என்ன பண்றது டீச்சர்? இந்தப் பரீட்சை பாஸ் பண்ணா வார்டு கிளார்க்கா ஆகலாம்னு ரெண்டு வருஷமா டியூட்டி முடிஞ்சு உக்காந்து படிச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தையெல்லாம் கட்டி மேல போட்டுட்டேன். நமக்கு இதெல்லாம் புரியாதுன்னு நினைச்சு."

கீழே இறங்கிப் போன ஒரு குடும்பத்துக்கு இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அந்தப் பாட்டு எனக்கு எப்படிப் புரிஞ்சதுன்னு நீங்க கேக்கலை" என்றாள் அந்தப் பெண். "எனக்கு வேலையே கதவுகிட்டதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி, நேரம் முடிஞ்சு ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு. அப்பாவைப் பாக்கணும்னு. ஹெட் சிஸ்டர் யாரையும் விடாதன்னாங்க. நான் விடல. தட்டிக்கிட்டே இருந்துச்சு. இருபது நிமிஷம் இருக்கும். அதுக்குள்ள உள்ள அவர் போயிட்டாரு. ரூல்படி நான் செஞ்சது சரி. யாரும் என்னை ஒரு கேள்வி கேக்கல. கேட்டிருந்தாலாவது…" அவள் நிறுத்திக்கொண்டாள். "சரி, விடுங்க. எனக்கு டியூட்டி இருக்கு."

"நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றாள் டீச்சர். "வாரியத்துக்கே எழுதிக் கொடுக்கிறேன்."

"கொடுங்க" என்றாள் அந்தப் பெண். நம்பிக்கையும் இல்லை, ஏளனமும் இல்லை அந்தக் குரலில். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம். நடந்தது நடந்தபடி: யார் என்ன சொன்னது, தான் என்ன செய்தது, விசாரணையில் சொன்னது உண்மையில்லை என்பது வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு பெரிய சார் வீட்டுக்குப் போனாள். அவருக்குத் தெரியாமல் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேல் சட்டை இல்லாமல் பனியனோடு அவரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்ன ஆளாகத் தெரிந்தார். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் தாளை நீட்டினாள்.

நிதானமாகப் படித்தார். முதல் பக்கத்தை முடித்துத் திருப்பினார். பாதியில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்து ஓரிடத்தில் ஏதோ குறித்தார்.

"இங்க ஒற்று விட்டுட்ட" என்றார். "'திருத்தக் கூறினார்'னு க் வரணும்."

அவளைத் திருத்தக் கூறியவர் அவர்தான். அந்த வாக்கியத்தில்தான் அவர் பெயரும் இருந்தது.

"சார், நீங்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டால் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார். "நான் சொன்னா நீ கேட்டுடுவ."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு அவர், "அந்தத் தட்டற பாட்டை நான் நடத்தினதே இல்லை. எனக்கு நடத்தினவரும் நடத்தலை. பாடநூல்ல அதுக்கு அந்தக் குறி போட்டது யார் தெரியுமா? நான்தான், முதல் பதிப்புல. பிள்ளைங்களுக்குப் பாரம் குறையட்டும்னு போட்டேன்" என்றார். தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். வாசல் வரை வந்தார். எப்போதும் சொல்கிற 'போயிட்டு வாம்மா' அன்றைக்கு வரவில்லை. 'போ' என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் அதை வாரியத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் காகிதத்தின் வேகத்தில் நடந்தது. மூன்றாவதாக ஒரு தேர்வாளரிடம் விடைத்தாளை அனுப்பினார்கள். அவர் அந்த விடைக்குப் பத்து போட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு, தேர்ச்சி. டீச்சரை மூன்று வருடம் முகாமுக்குக் கூப்பிடக் கூடாது என்றும், பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் எழுதுவதென்றும் முடிவானது. பெரிய சாரைப் பாடநூல் குழுவில் போடவில்லை. ஓய்வு பெறும் நாளில் வழக்கமாக நடக்கும் பாராட்டுக் கூட்டம் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். சாவியை ஒப்படைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாராம்.

ஆசிரியர் அறையில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். துணிச்சல்காரி என்றார் ஒருவர். தந்தி சார் மட்டும் நேருக்கு நேராகச் சொன்னார்: "அம்மா படுத்தப்ப உங்களைத் தாங்கினவர் டீச்சர் அவர். மூணு மாசம் பொறுத்திருக்கலாம்." டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

ஒருநாள் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. வார்டு கிளார்க் வேலை கிடைத்துவிட்டது, வாசலில் நிற்கிற வேலை இல்லை இப்போது, மேசை தந்திருக்கிறார்கள் என்று நான்கு வரி. நன்றி என்று அதில் எங்கேயும் இல்லை. அது டீச்சருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், கடையின் பின்பக்கம் அலமாரிக்குள் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஒரு குரல் கேட்டது. ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டை நீட்டி, "ஒரு மாசத்துக்குக் கொடுங்க தம்பி" என்ற குரல்.

அவள் அப்படியே நின்றாள். நாலு எட்டு வைத்தால் முன்பக்கம். போய், "சார், எப்படி இருக்கீங்க" என்று கேட்கலாம். காலில் விழலாம். எதுவும் சொல்லாமல் நின்றாவது இருக்கலாம். அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம்கூட வெளியே போகாதபடி அலமாரிக்குப் பின்னால் நின்றாள். கணவர் மாத்திரையை எண்ணி உறையில் போடுவதும், காலையில் ஒன்று சாப்பிட்ட பிறகு என்று சொல்வதும் கேட்டது. பிறகு, செருப்புச் சத்தம் வாசல் படியிறங்குவது கேட்டது.

கணவர் பின்பக்கம் வந்தார். அவள் நிற்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரு."

அவள் உட்காரவில்லை. "ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. கேட்டாரு."

"என்ன?"

"டீச்சருக்குச் சம்பள உயர்வு நிறுத்திட்டாங்களாமே, சமாளிக்கிறீங்களான்னு கேட்டாரு. கண்டனம் மட்டும்தான், நிறுத்தலைன்னு சொன்னேன். அப்பாடான்னு சொல்லிட்டுப் போனாரு."

டீச்சர் பெட்டியைக் கீழே வைத்தாள். கடை வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவில் மத்தியான வெயில், நாலைந்து பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் வலது பக்கம் நடந்தாள், நின்றாள், திரும்பி இடது பக்கம் நடந்தாள். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. கணவர் உள்ளேயிருந்து இருமல் மருந்து எந்த அலமாரியில் வைத்தாய் என்று குரல் கொடுத்தார். அவள் திரும்பிப் போய் எடுத்துக் கொடுத்தாள்.